பக்கத்து வீட்டில் கீமோவா? இரும்பைக்காரர்களுக்குச் சில குறிப்புகள்

இரும்பை, வானூர் பக்கத்துக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. மண்டலப் புற்றுநோய் மையம் உள்ள ஜிப்மர் கோரிமேட்டிலேயே இருக்கிறது. சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்குப் போய் அறை எடுத்துத் தங்காமல், பலரும் அன்றன்றைக்கே வீடு திரும்பிவிடலாம். அதனால் நோயாளியைப் பார்த்துக்கொள்வதில் பாதி, தெருக்காரர்கள் பொறுப்பாகிவிடுகிறது.

1. "எது வேணும்னாலும் கேளுங்க" என்று சொல்லிவிட்டு வந்தால் யாரும் கேட்கப் போவதில்லை. "செவ்வாய்க்கிழமை மாட்டை நான் கறந்து சொசைட்டியில ஊத்திடறேன்க்கா", "சின்னவனை ஸ்கூல்ல இருந்து நானே கூட்டியாந்துடறேன்" என்று வேலையைச் சொல்லியே கேளுங்கள்.

2. 'கரண்ட் வைக்கிறது' என்று நம் ஊரில் சொல்லும் கதிர்வீச்சு, பெரும்பாலும் வாரத்துக்கு 5 நாள் வீதம் பல வாரம் நடக்கும். ஒருவரே துணைக்குப் போனால் அவருடைய கூலி போச்சு. நான்கு வீட்டார் கிழமை பிரித்துக்கொண்டு, காலண்டரில் பெயர் எழுதிவிடுங்கள்.

3. இதை மட்டும் மறக்கவே கூடாது. கீமோ முடிந்து ஒன்றிரண்டு வாரத்தில் வெள்ளணுக்கள் ரொம்பக் குறையும். அப்போது காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால், 'ஒரு பாராசிட்டமால் போட்டுட்டு காலையில பார்ப்போம்' என்று விடக்கூடாது. நடுராத்திரி என்றாலும் ஆஸ்பத்திரிதான். தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிக் கொடுங்கள். ஆட்டோ வைத்திருப்பவரின் எண்ணை வாசல் கதவில் ஒட்டுங்கள். அவர் எடுக்காவிட்டால் 108. ஒரு மஞ்சப்பையில் ஃபைல், ஸ்கேன், ஆதார், காப்பீட்டு அட்டை, மாற்றுத்துணி எப்போதும் தயாராக இருக்கட்டும்.

4. சளி, இருமல் இருந்தால் பார்க்கப் போகாதீர்கள். போனால் பத்து நிமிஷம் போதும். "எங்க சித்தப்பாவுக்கும் இதேதான், மூணே மாசம்..." என்ற கதை வேண்டவே வேண்டாம். புற்றுநோய் ஒட்டுவாரொட்டி இல்லை. தனி டம்ளர் வைப்பது அறியாமை மட்டுமல்ல, கொடுமையும்கூட.

5. தாளிப்பு வாசனையே சிலருக்குக் குமட்டும். சமைத்த சூட்டோடு கொடுத்தனுப்பி, ஆறியதும் சாப்பிடச் சொல்லுங்கள். வாய்ப்புண் இருந்தால் மிளகாய், புளி கூடாது. குழைந்த பருப்பு சாதம், இட்லி இறங்கும். கடையில் நறுக்கி வைத்த பழம் வேண்டாம். தூக்குச்சட்டி எப்போது திரும்பி வரும் என்று கேட்காதீர்கள்!

6. கரண்ட் வைத்த இடத்தில் மஞ்சள், எண்ணெய் தடவச் சொல்லாதீர்கள். உடம்பில் போட்ட மார்க்கைத் தேய்த்து அழிக்கவும் கூடாது.

7. சிகிச்சையின்போது பிளேட்லெட் ஏற்ற வேண்டிவரலாம். தானமாக எடுத்துவைத்த பிளேட்லெட் சுமார் 5 நாள்தான் தாங்கும். எனவே ஊர் இளைஞர்கள் ஒரே நாளில் கூட்டமாகப் போய்க் கொடுக்காமல், ரத்த வகையோடு ஒரு பட்டியல் போட்டுவைத்து, கேட்கும்போது ஒவ்வொருவராகப் போகலாம்.

8. முதலமைச்சர் காப்பீட்டில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை கிடைக்கும். ஆண்டு வருமானம் 1.20 லட்சத்துக்குள் என்று வி.ஏ.ஓ. சான்று வேண்டும். ஆபீஸ் ஏறி இறங்கத் தெரிந்த ஒருவர் இதை எடுத்துச் செய்தால் அதுவே பேருதவி. சிகிச்சைக்காக ரயிலில் போவோருக்குக் கட்டணச் சலுகையும் உண்டு.

9. வலியைப் பல்லைக் கடித்துத் தாங்க வேண்டியதில்லை. டாக்டர் எழுதிக் கொடுக்கும் மார்ஃபின் மாத்திரையை, 'போதை மருந்தாச்சே' என்று பயந்து தடுக்காதீர்கள். 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், படுக்கையில் இருப்பவருக்கு வீட்டுக்கே வந்து வலித்தணிப்புச் சிகிச்சை தருகிறார்கள். கிராம சுகாதார செவிலியரிடம் பெயரைக் கொடுத்துவையுங்கள்.