செயற்கைக் கைக்குத் தோல் நிறம் வருவது எப்படி?

இன்றிரவு ஒரு சோதனை செய்து பாருங்கள். அறையை இருட்டாக்கிவிட்டு, எரியும் டார்ச் விளக்கின் முகப்பை விரல்களால் மூடுங்கள். விரல்கள் சிவப்பாக ஒளிரும். ஒளி நம் தோலுக்குள் புகுகிறது என்பது இதிலிருந்து விளங்குகிறது அல்லவா?

தோலின் மீது விழும் ஒளியில் சிறு பகுதியே மேற்பரப்பிலிருந்து திரும்புகிறது. எஞ்சியது உள்ளே சென்று, பலமுறை சிதறி, ஓரளவு வெளியே வருகிறது. மேல்தோலிலுள்ள மெலனினும் இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினும் நீலத்தையும் பச்சையையும் மிகுதியாக உறிஞ்சுகின்றன. சிவப்பு தப்பி வருகிறது. ஆகவே, தோலின் நிறம் மேலே பூசிய வண்ணமன்று. உள்ளிருந்து வரும் நிறம்.

விபத்தில் கையை இழந்தவருக்குச் செய்யப்படும் கைக்கும் இது பொருந்தும். மரக் கையில் வண்ணம் பூசினால், ஒளி மேற்பரப்பிலேயே திரும்பிவிடும். கை பொம்மையின் கைபோல் தோன்றும். பின்னர் வந்த பி.வி.சி. உறைகளில் செய்தித்தாள் மைகூட ஒட்டிக்கொண்டு கறையாயிற்று. இன்று சிலிகோன் ரப்பர் பயன்படுகிறது. இது பாதி ஒளி ஊடுருவும் பொருள், சோப்பால் கழுவலாம்.

முதலில், எஞ்சியுள்ள கையை ஆல்ஜினேட் பசையில் அமிழ்த்தி அச்செடுப்பார்கள். பல் மருத்துவர் அச்செடுக்கும் அதே பசைதான். ஆனால் இடது கையின் நகல் வலது கை ஆகாது! கண்ணாடியில் தெரியும் பிம்பம்போல், இடவலம் மாற்றி மெழுகில் கை வடிக்க வேண்டும். அந்த மெழுகுக் கையைக் கொண்டு வார்ப்பு அச்சு செய்வார்கள். அச்சுக்குள் முதலில் நிறம் குறைந்த மெல்லிய படலம். அதன்மேல் பழுப்பு, மூட்டுகளில் சிவப்பு, நரம்பு தெரியுமிடத்தில் நீலம் என்று அடுக்கடுக்காகச் சிலிகோனை இடுவார்கள். முதலில் இட்டதே வெளிப்புறமாக அமையும்.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஜவுளிக்கடையில் சேலையை வாசலுக்கு எடுத்துவந்து, வெயிலில் நிறம் பார்ப்பதைக் கண்டிருப்பீர்கள். கண்ணில் நிறமறியும் செல்கள் மூன்று வகையே. எனவே, வெவ்வேறு ஒளிக் கலவைகளும் ஒரே நிறமாகத் தோன்றக்கூடும். விளக்கு மாறினால் அந்த ஒற்றுமை குலையலாம். வெயிலில் பொருந்திய கை, குழல் விளக்கின் கீழ் வேறாகத் தெரிந்துவிடும். அதனால் பலவகை ஒளியிலும் ஒப்பிட்டே நிறம் கலக்க வேண்டும்.

இந்த விரல்கள் தாமாக மடங்குவதில்லை. எழுதும்போது தாளை அழுத்திப் பிடிக்க உதவும், அவ்வளவே. பின் ஏன் இத்தனை உழைப்பு? பேருந்தில் அனைவர் பார்வையும் தம் கையிலேயே பதிவதற்கு அஞ்சி, அதைத் துண்டுக்குள் மறைப்பவர் உண்டு. அவர் கூச்சமின்றி வெளியே வர இக்கை துணை செய்யும். கை இல்லாததை மறைக்காமலே நடமாடுபவரும் உண்டு. அது அவரவர் விருப்பம்.

ஆனால், உற்றுப் பார்க்கும் அந்தக் கண்கள் யாருடையவை? நம்முடையவைதாமே! அடுத்தமுறை அப்படி ஒருவரைச் சந்தித்தால், கையைப் பாராமல் முகத்தைப் பார்த்துப் பேசுங்கள்.