பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு விலை வைப்பது எப்படி?

பழைய கார் விற்பது பற்றிச் சங்க அன்பர்கள் கேட்கும் கேள்விகளில் பெரும்பாலானவை மாருதி, சான்ட்ரோ, இண்டிகா சம்பந்தப்பட்டவை. அவற்றுக்குப் பதில் சுலபம். அதே மாடல், அதே வருடம் என்று ஊரில் ஐம்பது வண்டிகள் விற்பனைக்கு நிற்கும். நான்கு இடத்தில் விசாரித்தால் விலை தெரிந்துவிடும். ஆனால் ஊரிலேயே ஒன்றோ இரண்டோதான் இருக்கிறது, அதுவும் சொந்தக்காரர் கண்ணுக்குக் கண்ணாக வைத்திருந்த ஸ்போர்ட்ஸ் கார் என்றால் அந்த வழி உதவாது. இந்தக் கட்டுரை அப்படிப்பட்ட வண்டியைப் பற்றியது. அப்படி ஒன்று இல்லாதவர்களும் பிற்பகுதியைப் படித்துவிடுவது நல்லது. அங்கே சொல்லும் பெயர் மாற்ற விஷயம் ஸ்கூட்டருக்கும் பொருந்தும்.

உதாரணத்துக்கு நம் நாட்டிலேயே செய்த ஒரு வண்டியை எடுத்துக்கொள்கிறேன். சான் ஸ்டார்ம் என்று பெயர். 1998ல் கோவாவிலிருந்து வந்தது. இரண்டே இருக்கை, மடக்கக்கூடிய துணிக்கூரை, ஃபைபர் பாடி, 1149 சி.சி. ரெனால்ட் எஞ்சின், சுமார் 60 குதிரைசக்தி. இன்றைய கணக்கில் 60 குதிரைசக்தி ஒன்றும் பெரிதல்ல. ஆனாலும் தரையோடு தரையாக உட்கார்ந்து, கூரையை மடக்கிவிட்டு மலைப்பாதையில் போகும் சுகத்துக்காக அதை வாங்கினார்கள். குடும்பத்தோடு கோயிலுக்குப் போக முடியாத காரை எதற்கு வாங்கினீர்கள் என்று வீட்டில் ஆண்டுக்கணக்காகக் கேட்டிருப்பார்கள். அது வேறு விஷயம்.

இதற்கு என்ன விலை? முதலில் எல்லோரும் பார்ப்பது இன்ஷூரன்ஸ் தேய்மான அட்டவணையை. புது வண்டிக்கு ஆறு மாதம் வரை 5 சதவீதம், ஒரு வருடம் வரை 15, இரண்டு வருடம் வரை 20, பிறகு 30, 40 என்று ஏறி, ஐந்தாவது வருடத்தில் 50 சதவீதத்தோடு அட்டவணை நின்றுவிடுகிறது. ஐந்து வருடம் கடந்த வண்டிக்குக் கம்பெனியும் சொந்தக்காரரும் பேசி ஒப்புக்கொள்வதே மதிப்பு. ஆகவே பாலிசியில் அச்சிட்டிருக்கும் தொகையைக் காட்டி "இதுதான் உங்கள் வண்டியின் விலை" என்று யாராவது சொன்னால், அது சென்ற ஆண்டு பிரீமியம் குறைய வேண்டும் என்று நீங்களே தலையாட்டிய தொகையாக இருக்கலாம்.

சாதாரணக் காரின் விலை இறங்கிக்கொண்டே போய்ப் பழைய இரும்பு விலையில் முடியும். விரும்பி வாங்குபவர் சிலராவது இருக்கும் ஸ்போர்ட்ஸ் காரின் விலை ஓரிடத்தில் இறக்கத்தை நிறுத்திவிடும். சில சமயம் மெல்ல ஏறவும் ஏறும். காரணம் எளிது. புதிதாக யாரும் செய்வதில்லை, இருப்பவை ஒவ்வொன்றாகக் கழிந்துகொண்டிருக்கின்றன, மிஞ்சியவற்றில் நல்ல நிலையில் இருப்பவை குறைவு. வயது மட்டும் இந்த மதிப்பைத் தந்துவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். கொட்டகையில் இருபது வருடம் தூங்கிய வண்டி தூங்கிய வண்டிதான்.

அப்படியானால் மதிப்பு எதில் இருக்கிறது? என் அனுபவத்தில் பாதி வண்டியில், பாதி காகிதத்தில். நம் ஊருக்குப் போகும் ரயிலில் ஏறும்போது பெட்டியின் கோடிச் சுவரைப் பாருங்கள். பீரியாடிக்கல் ஓவர்ஹால் எந்தப் பணிமனையில் எப்போது நடந்தது, மறுபடி எப்போது திரும்ப வேண்டும் என்று பெயிண்டில் எழுதியிருக்கும். அதைப் பார்த்தால் போதும், அந்தப் பெட்டி பற்றி யாரிடமும் வாய்வார்த்தை கேட்க வேண்டியதில்லை. காருக்கும் அப்படி ஒரு பதிவேடு இருந்தால், வாங்க வருபவர் உங்கள் பேச்சை நம்ப வேண்டிய அவசியமே இல்லை. ஆயில் மாற்றிய தேதியும் கிலோமீட்டரும், டைமிங் பெல்ட் மாற்றிய பில், கிளட்ச், பிரேக், ரேடியேட்டர் வேலைகள் எல்லாம் தேதிவாரியாக ஒரு ஃபைலில் இருக்கட்டும். டைமிங் பெல்ட் ரப்பர்; ஓடாவிட்டாலும் வருடத்தால் கெடும். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டும். ஆகவே "வண்டி ஓடவே இல்லை, அதனால் ஒன்றும் மாற்றவில்லை" என்பது பெருமையல்ல. விவரம் தெரிந்தவர் அதைக் கேட்டதும் விலையைக் குறைப்பார்.

வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய கார் வாங்குபவர்கள் பையில் ஒரு சிறு காந்தம் கொண்டுவருவார்கள். தகரத்தில் ஒட்டாத இடத்தில் பட்டி பூசியிருக்கிறது, அடிபட்ட வண்டி என்று கண்டுபிடிப்பார்கள். ஃபைபர் பாடியில் காந்தம் எங்குமே ஒட்டாது! இங்கே பார்க்க வேண்டியது, பெயிண்டுக்கு அடியில் சிலந்திவலை போல ஓடும் மெல்லிய வெடிப்புகளை. கதவு கீல், பம்பர் முனை, சக்கர வளைவு இவற்றின் அருகில் அவை தெரியும். விரல் முட்டியால் தட்டிக்கொண்டே வந்தால் ஒட்டுப்போட்ட இடத்தில் சத்தம் மாறும். ஃபைபர் துருப்பிடிக்காது என்று சந்தோஷப்பட வேண்டாம். அடியில் இருப்பது இரும்பு. துணிக்கூரை ஒழுகினால் தண்ணீர் கால்விரிப்புக்கு அடியில் தேங்கும். கோவா, மும்பை, மங்களூர் மழையில் ஓடிய வண்டி என்றால் அதை லிஃப்டில் ஏற்றி அடிச்சட்டத்தைப் புகைப்படம் எடுத்து ஃபைலில் வைத்துவிடுங்கள்.

எஞ்சினுக்கு கம்ப்ரஷன் டெஸ்ட் எடுத்து நான்கு சிலிண்டரின் அளவையும் மெக்கானிக்கிடம் எழுதி வாங்குங்கள். அளவு எவ்வளவு என்பதோடு, நான்கும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கின்றனவா என்பது முக்கியம். மூன்று சிலிண்டர் ஒரு மாதிரியும் ஒன்று மட்டும் பத்து சதவீதத்துக்கு மேல் தாழ்ந்தும் இருந்தால் உள்ளே ஏதோ இருக்கிறது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் வருடத்தின் 23ஆம் வாரத்தில் செய்தது. கட்டை நிறைய இருந்தாலும் பத்து வருட டயர் டயரல்ல. இப்போது வாங்குபவர்கள் இன்னொன்றும் கேட்கிறார்கள்: 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 2023ல் அறிமுகமான இது அந்தக் காலத்து ரப்பர் குழாய்களுக்கும் காஸ்கெட்டுகளுக்கும் ஆகாது. புதிய குழாய்கள் போட்டிருந்தால் பில்லைக் காட்டுங்கள்.

கழற்றிய ஒரிஜினல் பாகங்களை எறியாதீர்கள். பளபளப்பான ஸ்டீயரிங், பெரிய சைலன்ஸர், கலர் கலரான விளக்கு எல்லாம் உங்கள் ஆசைக்கு. வாங்குபவர் கம்பெனியிலிருந்து வந்தபடி இருப்பதையே தேடுகிறார். இரண்டாவது சாவி, கையேடு, டூல்கிட், ஸ்டெப்னி எல்லாம் பரணில் கிடந்தால் இறக்கித் துடையுங்கள்.

இனி விலைக் கணக்கு. கீழே உள்ள தொகைகள் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை, சந்தை விலை அல்ல. அதே மாடலில் மோசமான வண்டி ஒன்று 2 லட்சத்துக்குக் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை உங்கள் வண்டியின் நிலைக்குக் கொண்டுவர டயர், துணிக்கூரை, சஸ்பென்ஷன், எஞ்சின் வேலை, பெயிண்ட் எல்லாம் சேர்த்து இரண்டரை லட்சம் ஆகும் என்றால், வாங்குபவருக்கு உங்கள் வண்டி நாலரை லட்சம் வரை பெறும். அதோடு ஆறு மாத அலைச்சலும் மிச்சம். இதிலிருந்து உங்கள் வண்டிக்கு உடனே தேவைப்படும் செலவைக் கழியுங்கள். டயருக்கு 20,000, பதிவு புதுப்பிக்க 10,000 என்று வந்தால் 4 லட்சத்து 20 ஆயிரம். கேட்கும் விலையை இதற்குச் சற்று மேலும், இறங்கும் விலையை இதற்குச் சற்றுக் கீழும் வைத்து, இரண்டாவதை வீட்டாருக்கு மட்டும் சொல்லுங்கள். நீங்கள் வண்டிக்குச் செலவழித்ததையெல்லாம் கூட்டி அதையே விலையாகக் கேட்பவர்களும் உண்டு. அந்தப் பணம் போனது போனதுதான். நீங்கள் அனுபவித்ததற்கு வாங்குபவர் ஏன் கொடுக்க வேண்டும்?

விளம்பரத்தில் காணும் விலை கேட்கும் விலை, கைமாறிய விலை அல்ல. அதே மாடல் வைத்திருப்பவர்கள் ஒருவரையொருவர் அறிவார்கள். அவர்களில் இருவரிடம் பேசினால் விற்ற விலை தெரியும், பல சமயம் வாங்குபவரும் அங்கேயே கிடைப்பார். ஸ்போர்ட்ஸ் காருக்கு ஆயிரம் பேர் வேண்டியதில்லை, ஒருவர் போதும். ஆனால் அந்த ஒருவர் வர நான்கு மாதம் ஆகலாம். அவசரம் என்று விளம்பரத்தில் எழுதிவிட்டால் அவர் வருவதற்குள் தரகர்கள் வந்துவிடுவார்கள்.

பார்க்க வருபவருக்காக எஞ்சினை முன்கூட்டிச் சூடாக்கி வைக்காதீர்கள். குளிர்ந்த எஞ்சினை அவர் எதிரிலேயே ஸ்டார்ட் செய்யுங்கள். நீலப் புகையா, வெள்ளைப் புகையா, ஒன்றுமே இல்லையா என்று அவரே பார்க்கட்டும். குறை ஏதும் இருந்தால் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். ஓட்டிப் பார்க்கக் கேட்டால் லைசென்ஸைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் நீங்கள் உட்கார்ந்துகொள்ளுங்கள். பணத்தை வங்கி மூலம் வாங்குங்கள். 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை 2017 முதல் வருமான வரிச் சட்டம் தடுக்கிறது, அபராதம் வாங்கிய தொகை அளவுக்கே. சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்த காரை விற்றதில் லாபம் வந்தாலும் அதற்கு மூலதன ஆதாய வரி கிடையாது.

பதிவுக்கு வருவோம். சொந்தக் காருக்கு முதல் பதிவு 15 வருடம், பிறகு ஐந்து ஐந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். 20 வருடம் கடந்த கார்களுக்கு இந்தக் கட்டணம் 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாக உயர்ந்தது. காலாவதியாகப் போகும் பதிவோடு வண்டியைக் காட்டினால் விலையில் அதைப்போல் பல மடங்கு அடிபடும். புதுப்பித்துவிட்டு விற்பதே லாபம். வேறு மாநிலத்தவர் வாங்கினால் 28ஆம் படிவத்தில் தடையின்மைச் சான்று வேண்டும், அங்கே அவர் வரியும் கட்ட வேண்டியிருக்கும். டில்லியிலிருந்து ஆள் வந்தால் ஜாக்கிரதை. 15 வருடம் கடந்த பெட்ரோல் வண்டிகளுக்குத் தலைநகர்ப் பகுதியில் இருந்த தடையை 2018ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது, 2025ல் அதில் மாறுதல்கள் வந்தன. இந்த வண்டி அங்கே பதிவாகுமா என்று அவர் விசாரித்து வந்த பிறகு அட்வான்ஸ் வாங்குங்கள்.

எங்கள் குடியிருப்பில் ஒரு அம்மாவின் கணவர் இப்படி ஒரு காரை விட்டுவிட்டுக் காலமானார். ஆர்.சி. அவர் பெயரிலேயே இருந்தது. ஒரு டீலர் வந்து, பழைய இரும்பைவிடச் சற்றுக் கூடுதலாக ஒரு விலை சொல்லி, 29, 30ஆம் படிவங்களை நீட்டி, "சார் கையெழுத்து மாதிரியே நீங்க போட்டுடுங்கம்மா, யாரும் பார்க்க மாட்டாங்க" என்றாராம். அந்த அம்மா என்னிடம் வந்து, "போடலாமா சார்?" என்று கேட்டார். அது போலிக் கையெழுத்து, போட்டால் பொறுப்பு உங்களுடையது என்றேன். சொந்தக்காரர் இறந்தால் வாரிசு 30 நாளில் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் 31ஆம் படிவத்தில் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். இறப்புச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதம் எல்லாம் கேட்பார்கள். வெளிநாட்டில் இருந்த மகனின் பிரமாணப் பத்திரம் வந்து சேரத்தான் தாமதம். வண்டி அம்மா பெயருக்கு வந்து, ஃபைலும் தயாரான பிறகு, டீலர் சொன்னதைப் போல் ஏறக்குறைய இரு மடங்குக்குப் போயிற்று. 2021 முதல் ஆர்.சி.யிலேயே நாமினி பெயரைச் சேர்க்க வழி இருக்கிறது. இந்த இதழைக் கீழே வைத்ததும் உங்கள் ஆர்.சி.யை எடுத்துப் பாருங்கள்.

பணம் கைக்கு வந்ததும் விற்பனை முடிந்துவிட்டது என்று நினைப்பவர்களே அதிகம். 2007ல் ஒருவர் தம் காரை விற்றார். வாங்கியவர் பெயர் மாற்றவில்லை, வண்டி மேலும் சிலர் கைமாறியது. 2009ல் அது ஒரு குழந்தையின் உயிரைப் பறித்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2018 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது: பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சட்டப்படி சொந்தக்காரர், நஷ்டஈட்டுக்கு அவரே பொறுப்பு. அதாவது, இரண்டு வருடத்துக்கு முன் சாவியைக் கொடுத்தவர்! அதனால் விற்ற 14 நாளுக்குள் 29ஆம் படிவத்தில் நீங்கள் தெரிவித்தாக வேண்டும். 30ஆம் படிவத்தை வாங்குபவர் தாக்கல் செய்யட்டும் என்று விட்டுவிடாமல், கூடவே போய்ச் சேர்த்துவிட்டு வாருங்கள். வெற்றுப் படிவத்தில் கையெழுத்து மட்டும் யாருக்கும் வேண்டாம். டீலரிடம் விடுவதானால், 2023 ஏப்ரல் முதல் அமலில் உள்ள விதிப்படி அங்கீகாரம் பெற்ற டீலரா என்று பார்த்து, ஒப்படைத்ததை 29சி படிவத்தில் பதிவு செய்ய வையுங்கள். அதன்பின் பொறுப்பு அவருடையது.

வண்டியை ஒப்படைக்கும் ரசீதில் தேதியோடு மணியும் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். அன்று மாலை வரும் போக்குவரத்து அபராதம் யாருடையது என்ற சண்டை வராது. ஃபாஸ்டாகை அன்றே ரத்து செய்யுங்கள். இல்லாவிட்டால் அவர் போகும் ஊருக்கெல்லாம் உங்கள் கணக்கிலிருந்து சுங்கம் போகும். நோ கிளெய்ம் போனஸ் வண்டியோடு போவதல்ல, உங்களுடையது. 50 சதவீதம் வரை சேர்ந்திருக்கலாம். இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் அதற்குச் சான்றிதழ் வாங்கிவைத்தால் மூன்று வருடத்துக்குள் வாங்கும் அடுத்த காருக்கு உதவும். ஒரு மாதம் கழித்து வாகன் இணையதளத்தில் உங்கள் பழைய நம்பரைப் போட்டு, சொந்தக்காரர் பெயர் மாறிவிட்டதா என்று பார்த்துவிட்டு, அந்தப் பக்கத்தை அச்செடுத்து ரசீதோடு சேர்த்து வையுங்கள்.