பேரல் கழுவிய தண்ணீர் எங்கே போகும்?



ஒவ்வொரு இதழிலும் சேமிப்பு, கடன், பதிவேடு என்று ஏதாவது ஒரு பாடம் படித்து வருகிறோம். இந்த மாதப் பாடம் கொஞ்சம் வித்தியாசமானது. தொழிற்சாலையில் இருந்து வெளியே வரும் அபாயகரமான கழிவு பற்றியது. "அதுக்கும் நம்ம குழுவுக்கும் என்ன சம்பந்தம்?" என்று நீங்கள் கேட்கலாம். நாங்களும் அப்படித்தான் நினைத்திருந்தோம். நம் குழு ஒன்றில் நடந்ததைப் பார்த்த பிறகுதான் எங்களுக்கும் புரிந்தது. குழுவின் பெயரும் ஊரின் பெயரும் வேண்டாம். நடந்ததை மட்டும் சொல்கிறோம்.

சிப்காட்டை ஒட்டிய ஒரு ஊரில் 14 பேர் கொண்ட குழு. டவுனில் இருந்து ஒரு ஏஜென்ட் வந்தார். கம்பெனியில் காலியான நீல பேரல்களைக் கொண்டுவந்து இறக்குகிறேன், நீங்கள் கழுவிக் காயவைத்து விற்றுக்கொள்ளுங்கள் என்றார். ஒரு பேரல் 300 ரூபாய். கழுவி விற்றால் 600 ரூபாய். கோடை வந்தால் தண்ணீர் பிடித்து வைக்க எல்லா வீட்டிலும் பேரல் கேட்பார்கள். 100 பேரலுக்கு 30,000 ரூபாய் லாபம் என்று குழு கணக்குப் போட்டது. சேமிப்பில் இருந்து 3,000 ரூபாய் முன்பணமும் கொடுத்துவிட்டார்கள். மாதிரிக்கு 12 பேரல் வந்து இறங்கியது. மீதிக்கு வங்கிக் கடன் கேட்டு விண்ணப்பம் எழுதினார்கள்.

விண்ணப்பத்தைப் பார்த்து எங்களுக்கும் சந்தோஷம்தான். வீட்டு வாசலிலேயே வேலை, உடனே வருமானம். "நல்ல தொழில், கடன் வழங்கலாம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டோம். பேரலுக்குள் முன்பு என்ன இருந்தது என்று நாங்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது எங்கள் தவறு.

கேட்டது அந்தக் குழுவின் மூத்த உறுப்பினரான ஒரு அம்மா. வாரக் கூட்டத்தில் எழுந்து சொன்னார்: "நாலு பேரல் கழுவுனதுக்கே எனக்குக் கை எரியுது. கழுவுன தண்ணி கிணத்தடிக்குத்தான் ஓடுது. அந்தக் கிணத்துத் தண்ணியத்தானே குடிக்கிறோம்?" யாரும் பதில் பேசவில்லை. பக்கத்தில் இருந்த இன்னொரு பெண் கையை நீட்டிக் காட்டினார். விரல் இடுக்கெல்லாம் கொப்புளம்.

அந்த அம்மா கேட்ட கேள்விதான் இந்தப் பாடம்.

அபாயகரமான கழிவு என்றால் என்ன?

வீட்டுக் குப்பை வேறு, இது வேறு. விஷத்தன்மை உள்ளது, சட்டென்று தீப்பிடிப்பது, தோலையும் இரும்பையும் அரிப்பது, வேறு பொருளோடு சேர்ந்தால் வெடிப்பது அல்லது நச்சுப் புகை கிளப்புவது. இந்தக் குணங்களில் ஒன்று இருந்தாலும் அது அபாயகரமான கழிவு. உதாரணமாக, தொழிற்சாலைக் கழிவுநீரைச் சுத்தம் செய்த பிறகு அடியில் தங்கும் ரசாயனக் கசடு, முலாம் பூசும் பட்டறைக் கழிவு, பெயிண்ட் கசடு, பழைய இன்ஜின் ஆயில் ஆகியவற்றைச் சொல்லலாம்.

இதற்காக மத்திய அரசு 1989-ல் விதிகள் கொண்டுவந்தது. இப்போது 2016-ஆம் ஆண்டு விதிகள் இருக்கின்றன. அதில் எவை எவை அபாயகரமான கழிவு என்று நீளமான பட்டியல் உண்டு. ரசாயனம் ஒட்டியிருக்கும் காலி பேரல், கேன், உள்பை எல்லாமே அந்தப் பட்டியலில் இருக்கின்றன. ஆகவே காலியாக இருப்பதாலேயே ஒரு பேரல் வெறும் பேரல் ஆகிவிடாது. அதை யார் வேண்டுமானாலும் வாங்கி விற்கவும் முடியாது. அனுமதி பெற்ற இடத்துக்கே அனுப்ப வேண்டும்.

"நல்லா சோப்புப் போட்டுக் கழுவினா போயிடாதா?" என்று பலர் கேட்கிறார்கள். உங்கள் சமையலறையையே பாருங்கள். குழம்பு ஊற்றி வைத்த பிளாஸ்டிக் டப்பாவில் மஞ்சள் கறை பிடித்தால் எத்தனை தேய்த்தாலும் முழுதாகப் போகிறதா? பிளாஸ்டிக் எண்ணெயையும் வாசனையையும் உறிஞ்சிக்கொள்ளும். பேரலும் அப்படித்தான். ரசாயனம் கொஞ்சம் பேரலுக்குள்ளேயே ஊறி நிற்கும். பிறகு நாம் ஊற்றும் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். மீதி கழுவிய தண்ணீரோடு மண்ணுக்கும் கிணற்றுக்கும் போகும். கழுவுவதால் விஷம் அழிவதில்லை. இடம் மாறுகிறது, அவ்வளவுதான்.

அப்படியே விட்டால் என்ன ஆகும்?

நம் மாநிலத்திலேயே இரண்டு ஊர்களைப் பார்ப்போம்.

முதலாவது ராணிப்பேட்டை. அங்கே சிப்காட்டில் குரோமியம் ரசாயனம் தயாரித்த ஒரு தொழிற்சாலை 1990-களில் மூடப்பட்டது. கம்பெனி போய்விட்டது, கழிவு போகவில்லை. இரண்டு லட்சம் டன்னுக்கும் அதிகமான குரோமியக் கழிவு திறந்த வெளியில் குன்று போலக் கிடந்தது. மழை பெய்யும் போதெல்லாம் அதில் இருந்து மஞ்சள் தண்ணீர் கசிந்து நிலத்தடி நீரில் கலந்தது. இந்த வகைக் குரோமியம் தோலில் பட்டால் ஆறாத புண் வரும். தொடர்ந்து சுவாசித்தால் மூக்கின் நடுச்சுவரில் ஓட்டை விழும், நுரையீரல் புற்றுநோயும் வரலாம். மூடிய தொழிற்சாலையின் கழிவு, அடுத்த தலைமுறையின் தண்ணீரைக் கெடுத்தது.

இரண்டாவது கொடைக்கானல். அங்கே இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் தெர்மாமீட்டர் தொழிற்சாலை இருந்தது. காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரில் வெள்ளியாய் மின்னுகிறதே, அது பாதரசம். நரம்பையும் சிறுநீரகத்தையும் பாதிக்கும் விஷம். 2001 மார்ச்சில், பாதரசம் ஒட்டிய கண்ணாடி உடைசல் டன் கணக்கில் மூஞ்சிக்கல் பகுதியில் ஒரு காயலான் கடையில் கிடப்பதை ஊர் மக்களும் சுற்றுச்சூழல் அமைப்பினரும் வெளியே கொண்டுவந்தார்கள். தொழிற்சாலை அந்த ஆண்டே மூடப்பட்டது. 2003-ல் சுமார் 290 டன் கழிவு கப்பலில் அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருடன் 2016-ல்தான் உடன்பாடு ஏற்பட்டது. இடையில் 15 வருஷம் ஓடிவிட்டது. தொழிற்சாலை மண்ணை எந்த அளவுக்குச் சுத்தம் செய்ய வேண்டும் என்ற வாதம் அதன் பிறகும் தொடர்ந்தது.

கவனியுங்கள். அங்கே விஷயம் வெளியே வந்தது ஒரு காயலான் கடையில். நம் குழுவுக்கு வந்ததும் அதே வழியில்தான், காலி பேரலாக.

முறையாகச் செய்வது எப்படி?

தொழிற்சாலை தன் கழிவைப் பொதுவாக 90 நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. கூரை போட்ட இடத்தில், கசிந்தாலும் மண்ணில் இறங்காத தளத்தில், பெயர்ச்சீட்டு ஒட்டி வைக்க வேண்டும். அனுமதி உள்ள லாரியில்தான் அனுப்ப வேண்டும். லாரியோடு ஏழு நகல் கொண்ட ஒரு சீட்டு போகும். ஒவ்வொரு நகலும் ஒவ்வொரு நிறம். அனுப்பியவர், கொண்டுபோனவர், வாங்கியவர் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். மாசு கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் நகல் போகும். நம் குழுவில் பணம் கைமாறினால் ரசீது, பாஸ்புக், பேரேடு என்று மூன்று இடத்தில் எழுதுகிறோமே, அதே மாதிரி. எழுத்து இருந்தால்தான் நடுவழியில் காணாமல் போகாது.

லாரி போய்ச் சேரும் இடம், இதற்கென்றே கட்டிய நிலையம். நம் மாநிலத்தில் கும்மிடிப்பூண்டியில் அப்படி ஒன்று இருக்கிறது. கழிவைப் பரிசோதித்து, எரிக்க வேண்டியதை அதிக வெப்பத்தில் உலையில் எரிப்பார்கள். கசடு போன்றவற்றில் சிமெண்ட், சுண்ணாம்பு கலந்து இறுகவைத்து, குழியில் புதைப்பார்கள். சும்மா தோண்டிய குழி அல்ல. அடியில் களிமண், அதன்மேல் கெட்டியான பிளாஸ்டிக் விரிப்பு, கசியும் நீரைச் சேகரிக்கக் குழாய் எல்லாம் இருக்கும். நிரம்பியதும் மழைநீர் இறங்காமல் மேலேயும் மூடுவார்கள். சுற்றிலும் கிணறு போட்டு, தண்ணீர் கெட்டுப்போகிறதா என்று வருஷக்கணக்கில் பார்ப்பார்கள். பேரலைக் கழுவவும் தனி நிலையங்கள் உண்டு. அங்கே கழுவிய தண்ணீரையும் பிடித்துச் சுத்திகரிக்க வேண்டும்.

இதற்கெல்லாம் தொழிற்சாலை பணம் கட்ட வேண்டும். ஏஜென்டிடம் கொடுத்தால் செலவும் இல்லை, கையில் காசும் வருகிறது. அந்தச் செலவு எங்கே போனது? அந்தப் பெண்ணின் கைக்கொப்புளமாக, கிணற்றடி மண்ணாக நம்மிடம் வந்தது. 300 ரூபாய் லாபக் கணக்கில் நாம் இதை எழுதவே இல்லை.

யார் பொறுப்பு?

வேலூர் பகுதியில் தோல் தொழிற்சாலைக் கழிவுநீர் பாலாற்றையும் கிணறுகளையும் கெடுத்தது பற்றிய வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்பு கொடுத்தது. மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும், பாதிக்கப்பட்ட மக்களுக்கு இழப்பீடு கொடுப்பதோடு கெட்ட நிலத்தையும் நீரையும் சரிசெய்யும் செலவும் அவருடையதே என்று சொன்னது. மாசுபட்ட இடங்களைக் கண்டுபிடித்துச் சுத்தம் செய்வதற்கென்றே 2025-ல் மத்திய அரசு தனி விதிகளும் கொண்டுவந்தது. ஆகவே கழிவு பற்றிக் கேட்பது நம் உரிமை. யாரிடமும் சலுகை கேட்கவில்லை.

குழுக்கள் செய்ய வேண்டியவை

1. பேரல், கேன், சாக்கு, கசடு, பழைய ஆயில் எதுவானாலும் "இதில் முன்பு என்ன இருந்தது? எந்தக் கம்பெனி? வாரிய அனுமதி எங்கே?" என்று கேளுங்கள். பதில் இல்லை என்றால் தொடாதீர்கள்.

2. படம் பாருங்கள். மண்டை ஓடு என்றால் விஷம். தீ என்றால் எரியும். கையில் சொட்டு விழுந்து அரிப்பது போன்ற படம் என்றால் ஆசிட் வகை. செத்த மீனும் மரமும் இருந்தால் தண்ணீருக்குக் கேடு. எழுத்துத் தெரியாதவர்களும் இதைப் படிக்கலாம். சீட்டு சுரண்டப்பட்டிருந்தால் சந்தேகப்படுங்கள்.

3. பூச்சிமருந்து கேனிலும், ரசாயன பேரலிலும் குடிதண்ணீர், தானியம், மாட்டுத் தீவனம் வைக்காதீர்கள்.

4. ரசாயனம் மேலே பட்டால் நனைந்த துணியைக் கழற்றிவிட்டு, குறைந்தது 20 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். கண்ணில் பட்டாலும் அப்படியே. மஞ்சள், சுண்ணாம்பு, எண்ணெய் தடவ வேண்டாம். விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உடனே 108-க்குப் போன் செய்யுங்கள். டாக்டரிடம் காட்ட அந்தச் சீட்டையோ பெயரையோ எடுத்துப் போங்கள்.

5. இரவில் லாரி வந்து ஏரிக்கரையில், ஓடையில் கழிவு கொட்டினால் பக்கத்தில் போகாதீர்கள், பிள்ளைகளையும் விடாதீர்கள். தேதி, நேரம், வண்டி எண் குறித்து, தூரத்தில் இருந்து போட்டோ எடுத்து, மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட சுற்றுச்சூழல் பொறியாளருக்கு மனு கொடுங்கள். கலெக்டர் ஆபீஸ் திங்கட்கிழமை மனுநாளிலும் கொடுக்கலாம். கிராம சபையில் தீர்மானம் போடலாம். மனு நகலில் முத்திரையும் தேதியும் வாங்க மறக்க வேண்டாம்.

அந்தக் குழு என்ன செய்தது?

கடன் விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டது. நாங்களும் எங்கள் சிபாரிசை எழுத்து மூலம் ரத்து செய்தோம். ஆனால் 12 பேரல் வாசலிலேயே நின்றது. ஏஜென்ட் போன் எடுக்கவில்லை. "ஏரியில தூக்கிப் போட்டுடலாம்" என்று கூட ஒருவர் சொன்னார். அந்த அம்மா விடவில்லை. "நமக்கு அவன் செஞ்சத நாம ஊருக்குச் செய்யறதா?" என்றார்.

பேரல்களை மூடி, மழை படாமல் தார்ப்பாய் போட்டு வைத்தார்கள். 11 பேரலில் சீட்டைச் சுரண்டியிருந்தார்கள். ஒன்றில் மட்டும் அடிப்பக்கம் பாதிச் சீட்டு மிச்சம் இருந்தது. அதில் இருந்த பெயரை வைத்து 14 பேரும் கையெழுத்திட்டு மனு கொடுத்தார்கள். இரண்டு முறை போய் வந்த பிறகு அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். கடைசியில் அந்தக் கம்பெனியே வண்டி அனுப்பிப் பேரல்களை எடுத்துப் போனது. முன்பணம் 3,000 ரூபாய் திரும்பவில்லை. குழு அதை நஷ்டமாகப் பதிவேட்டில் எழுதியிருக்கிறது. கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்திருக்கிறார்கள். முடிவு வரும் வரை குடிக்க வேறு தெருவில் இருந்து தண்ணீர் சுமக்கிறார்கள்.

கூட்டத்தில் பேச சில கேள்விகள்

- நம் வீடுகளில் உள்ள பேரல், கேன் எங்கே வாங்கியது? முன்பு அதில் என்ன இருந்தது?
- நம் ஊர் எல்லைக்குள் எந்தத் தொழிற்சாலை, பட்டறை உள்ளது? அவர்கள் கழிவு எங்கே போகிறது?
- நம் குழு கொடுத்த தொழில் கடன்களில் கைக்கும் தண்ணீருக்கும் கேடு தருவது ஏதாவது உண்டா?

பதில்களைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். இனி தொழில் கடன் விண்ணப்பத்தில் ஒரு கேள்வி கூடுதலாகச் சேர்த்திருக்கிறோம்: "இந்தத் தொழிலில் என்ன கழிவு வரும், அது எங்கே போகும்?" அதற்குப் பதில் எழுதாமல் நாங்கள் கையெழுத்துப் போடமாட்டோம்.