வெப்பத் தாக்கும் முதலுதவியும்

கோடைக் காலத்தில் மண்பானையில் ஊற்றிவைத்த நீர் குளிர்ந்திருத்தலை யாவரும் அறிவர். பானையின் நுண்ணிய துளைகளின் வழியே கசியும் நீர் புறத்தே ஆவியாகின்றது. ஆவியாகும்பொழுது உள்ளிருக்கும் நீரின் வெப்பத்தைக் கவர்ந்து செல்கின்றது. மழைக்காலத்தில் அதே பானை நீர் அத்துணைக் குளிர்ச்சி அடைவதில்லை. காற்றில் ஈரம் மிகுந்திருப்பதால் கசிந்த நீர் விரைவில் ஆவியாக இயலாமையே அதற்குக் காரணம்.

மனித உடலும் ஒருவகையில் இம்மண்பானையை ஒத்ததே. உடலின் உள்வெப்பம் ஏறத்தாழ 37 டிகிரி செல்சியஸ் அளவில் நிற்றல் வேண்டும். உண்ட உணவும் செய்யும் உழைப்பும் உடலினுள் ஓயாது வெப்பத்தை உண்டாக்குகின்றன. அவ்வெப்பத்தை இரத்தம் தோலுக்குக் கொண்டுவருகின்றது. தோலில் சுரக்கும் வியர்வை ஆவியாகி அதனை வெளியேற்றுகின்றது. சொட்டுச் சொட்டாகத் தரையில் விழும் வியர்வையால் இப்பயன் இல்லை; உடல் நீரையும் உப்பையும் இழப்பதே மிச்சம். கடலோர ஊர்களில் வெயில் சற்றுக் குறைந்த நாளிலும் புழுக்கம் வாட்டுவது இதனாலேயே.

வேதாரணியத்து உப்பளங்களில் வேலை செய்வோரின் நிலையை எண்ணிப் பார்க்கலாம். வெயில் தணிந்தால் உப்பு விளைவதில்லை; ஆதலின் வெயில் கொடுமை மிகுந்த காலமே அவர்களுக்கு வேலை மிகுந்த காலம். மேலிருந்து ஞாயிறு சுடும். கீழிருந்து வெண்மையான உப்பு ஒளியை எதிரொளிக்கும். காற்றிலோ கடலின் ஈரம். உப்பு வாரிக்கொண்டிருந்த ஒருவர் திடீரெனத் தலை சுற்றி அமர்ந்துவிடுகின்றார் என வைத்துக்கொள்ளலாம். அருகில் இருப்பவர் செய்யவேண்டுவது யாது?

முதலில் அறியவேண்டுவது அவருடைய அறிவு தெளிவாக இருக்கின்றதா என்பதே. பெயர் என்ன, இருக்கும் இடம் யாது என்று வினவுதல் வேண்டும். தடுமாற்றமின்றி விடை கூறுவாராயின், அவருக்கு நேர்ந்திருப்பது பெரும்பாலும் வெப்பத் தளர்ச்சியாகும். முகம் வெளுத்திருக்கும்; உடல் வியர்வையால் நனைந்திருக்கும்; தலைவலியும் குமட்டலும் தோன்றும்; நாடி மெலிந்து விரைந்து ஓடும். சிலருக்குக் கால்களில் தசை இழுத்துப் பிடிப்பதும் உண்டு. அவரை நிழலுக்குக் கொண்டுசென்று படுக்கவைத்து, கால்களைச் சற்று உயர்த்தி, இறுகிய ஆடைகளைத் தளர்த்துதல் வேண்டும். ஈரத் துணியால் உடலைத் துடைத்து விசிறவேண்டும். ஒரு லிட்டர் தூய நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டிச் சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துச் சிறிது சிறிதாகப் பருகச் செய்யலாம். அரைமணி நேரத்திற்குள் அவர் தேறாவிடின் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுதலே தக்கது.

வினாவிற்கு விடை கூறாது விழிப்பாராயினும், பொருளற்ற சொற்களைப் பிதற்றுவாராயினும், குடித்தவர்போல் தள்ளாடுவாராயினும், வலிப்பு அல்லது மயக்கம் காணப்படினும் அது வெப்பத் தாக்கு என்றே கொள்ளவேண்டும். உள்வெப்பம் 40 டிகிரியையும் கடந்து, மூளையும் ஈரலும் சிறுநீரகமும் கேடுறத் தொடங்கிய நிலை இது. இந்நோயில் வியர்வை முற்றிலும் நின்று தோல் வறண்டுவிடும் என்று பழைய நூல்கள் பல கூறும். அதனை மட்டும் நம்பி ஏமாறுதல் கூடாது. வெயிலில் உழைத்து வீழ்ந்தவருக்கு வியர்வை இன்னும் வடிந்துகொண்டிருக்கலாம். உடற்சூடும் அறிவின் கலக்கமும் சேர்ந்திருப்பதே உண்மையான அடையாளம்.

வெயிலில் நில்லாதவரையும் இந்நோய் விடுவதில்லை. 2003ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் பிரான்சு நாட்டில் கடும் வெப்பத்தால் ஏறத்தாழ 15,000 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் மிகப் பலர் முதியோர். வீட்டினுள் இருந்தவாறே மாண்டவர்களும் பலர்.

வெப்பத் தாக்குற்றவருக்கு ஒவ்வொரு நிமிடமும் அரியது. ஒருவர் 108 என்னும் எண்ணிற்குத் தொலைபேசியில் செய்தி கூறும்பொழுதே மற்றவர்கள் நோயாளியைக் குளிர்விக்கத் தொடங்கிவிட வேண்டும். ஊர்தி வரட்டும் எனக் காத்திருத்தல் பெரும்பிழை. நிழலில் கிடத்தி, மேலாடையை நீக்கி, கிடைக்கும் நீரை உடல் முழுவதும் இடைவிடாது ஊற்றவேண்டும், ஊற்றிக்கொண்டே விசிறவேண்டும். மண்பானையின் வேலையை இங்கே மனிதர் கைகள் செய்கின்றன. பனிக்கட்டி கிடைப்பின் துணியில் சுற்றிக் கழுத்திலும் அக்குள்களிலும் தொடை இடுக்குகளிலும் வைக்கலாம். வேடிக்கை பார்க்கச் சூழ்ந்து நின்று காற்றைத் தடுப்போரை விலக்குதலும் ஓர் உதவியே.

கொதிக்கும் உடம்பில் குளிர்ந்த நீரை ஊற்றினால் ஜன்னி கண்டுவிடும் என அஞ்சுவார் உளர். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள பால்மவுத் என்னும் ஊரில் ஆண்டுதோறும் கோடையில் ஓட்டப் பந்தயம் நடைபெறுகின்றது. அங்கு 18 ஆண்டுப் பந்தயங்களில் வெப்பத் தாக்குற்ற 274 நிகழ்ச்சிகளை ஆராய்ந்து 2015ஆம் ஆண்டில் வெளியிட்டனர். வீழ்ந்தவர்களை உடனே பனிக்கட்டியிட்ட நீர்த்தொட்டியில் அமிழ்த்தினர், ஒருவரேனும் இறக்கவில்லை. அங்கே பயிற்சி பெற்றவர்கள் தலையைத் தாங்கிப் பிடித்து, உடல் வெப்பத்தை அளந்துகொண்டே இருந்தனர் என்பதையும் மறத்தலாகாது. அத்தகைய துணையின்றி மயங்கியவரைக் குளத்திலோ கிணற்றிலோ இறக்குவது, வெப்பத்தினின்று மீட்டு நீரில் மாய்ப்பதாக முடியும். நீரை ஊற்றி விசிறுதலே மாணவர்க்கும் இயலும் வழி.

அறிவு தெளியாதவர் வாயில் நீரோ மோரோ ஊற்றுதல் கூடாது. அது மூச்சுக்குழலில் சென்று அடைத்துவிடும். மயங்கி மூச்சு விடுபவரை ஒருபக்கமாகச் சாய்த்துக் கிடத்தவேண்டும். காய்ச்சல் மாத்திரையும் கொடுத்தலாகாது. காய்ச்சலில் உடல் தன் வெப்ப அளவைத் தானே உயர்த்திக்கொள்கின்றது. மாத்திரை அவ்வளவைத் தாழ்த்துகின்றது. வெப்பத் தாக்கிலோ உடல் வெப்பத்தை வெளியேற்ற இயலாது தோற்றிருக்கின்றது. ஆதலின் மாத்திரையால் பயன் விளையாது. கேடுற்றிருக்கும் ஈரலுக்கு அது மேலும் தீங்கு செய்யக்கூடும்.

நோயாளி கண் விழித்துத் தெளிவாகப் பேசத் தொடங்கியதும் நீர் ஊற்றுவதை நிறுத்தலாம். உப்பளத்து உழைப்பாளி அந்நிலையில் எழுந்து, தமக்கு ஒன்றும் இல்லை என்று கூறி, மீண்டும் வேலைக்குச் செல்ல முனைதல் இயல்பே. ஒருநாள் கூலி அவருக்குப் பெரிது. எனினும் சிறுநீரகத்திலும் ஈரலிலும் நேர்ந்த கேடு ஓரிரு நாள் கழித்தே வெளிப்படுதலும் உண்டு. அவரை மருத்துவமனைக்குக் கொண்டுசென்று, வீழ்ந்த நேரத்தையும் செய்த உதவிகளையும் மருத்துவரிடம் தெரிவித்தபின்னரே உடன்சென்றவர் திரும்புதல் வேண்டும்.