நாய்க்குட்டிக்கு வீட்டு ஒழுங்கு கற்பித்தல்

நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டில் வைத்தாலும் அது பழைய இடத்துக்கே போகும் என்பது நம் பாட்டிமார் வாய்ச்சொல். மனிதர் குணத்தைச் சுட்டுவதற்கு அச்சொல் பொருந்தலாம். நாயைப் பொறுத்தவரை அது நீதியான தீர்ப்பன்று. தான் படுக்கும் இடத்தை அழுக்காக்க விரும்பாதது நாயின் இயல்பு. பிறந்த குட்டியின் கழிவைத் தாய்நாயே நக்கித் துப்புரவு செய்கின்றது. ஏறத்தாழ மூன்று வாரம் ஆனதும் குட்டி தள்ளாடித் தள்ளாடிப் படுக்கையை விட்டு விலகிச் சென்று சிறுநீர் கழிக்கத் தொடங்குகின்றது. எவரும் சொல்லித் தராமலே அது கற்றுக்கொண்ட முதற்பாடம் இது. நம் வீடு முழுவதும் படுக்கையைப் போன்றதே என்பதை மட்டும் அது அறியாது. அதனை அறிவிப்பதே நம் வேலை.

இதனை ஒரு சிறு காரியம் என்று வாசகர்கள் எண்ணிவிடக் கூடாது. பிள்ளைகள் அழுது கேட்டதற்காக ஒரு குட்டியைக் கொண்டுவருகின்றோம். அது அடுப்படியிலும் பாயிலும் ஈரம் செய்கின்றது. இரண்டு வாரம் பொறுக்கின்றோம். மூன்றாம் வாரம் அதனைச் சாக்கில் போட்டுச் சந்தையோரத்திலோ செம்பனைக் காட்டின் ஓரத்திலோ விட்டுவிட்டு வருகின்றோம். அது தெருநாயாகின்றது. 2015ஆம் ஆண்டில் பெர்லிஸ், கெடா, பினாங்கு ஆகிய மாநிலங்களில் வெறிநாய்க்கடி நோய் கண்டறியப்பட்டபோது, அவ்வாண்டு செப்டம்பரில் பினாங்கில் தெருநாய்களை அழிக்கும் நடவடிக்கை மேற்கொள்ளப்பட்டது. தடுப்பூசியே தக்க வழி என்று கூறி விலங்கு நல அமைப்புகள் அதனைக் கடுமையாக எதிர்த்தன. எந்தத் தரப்பு சரி என்பது இக்கட்டுரையின் பொருளன்று. ஆனால் அன்று பிடிபட்ட நாய்களுள், ஒரு காலத்தில் யாரோ ஒருவர் வீட்டுத் தாழ்வாரத்தில் ஈரம் செய்து துரத்தப்பட்ட குட்டி ஒன்றுகூட இருந்திராது என்று நம்மால் சொல்ல இயலவில்லை.

குட்டியை எட்டு வாரம் ஆகுமுன் தாயிடமிருந்து பிரித்தல் கூடாது. பிரித்துக் கொண்டுவந்த நாள்தொட்டே பாடம் தொடங்க வேண்டும். முதலில் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். லயத்தின் பின்புறம், கிணற்றுக்கும் கீரைப் பாத்திக்கும் பிள்ளைகள் விளையாடும் இடத்துக்கும் அப்பால், ஒரே ஓர் இடம். இன்று வாழை மரத்தடி, நாளை வேலியோரம் என்று மாற்றினால் குட்டி குழம்பும். நடத்திச் செல்லாமல் தூக்கிச் செல்லுங்கள். நடக்கவிட்டால் வாசற்படியைத் தாண்டுமுன்னரே காரியம் முடிந்துவிடும். அவ்விடத்தில் இறக்கிவிட்டு, விளையாட்டுக் காட்டாமல் அமைதியாக நில்லுங்கள். ‘போ’ என்றோ வேறு ஏதேனும் ஒரு சொல்லையோ வீட்டிலுள்ள அனைவரும் மாறாமல் சொல்லி வாருங்கள். அது கழித்து முடித்த அந்தக் கணமே தடவிக்கொடுத்துப் பாராட்டுங்கள். ஒரு துண்டு கருவாடு கொடுத்தாலும் நன்று. வீட்டுக்குள் திரும்பி வந்தபின் கொடுக்கும் கருவாடு, வீட்டுக்குள் வந்ததற்கான பரிசாகிவிடும்.

ஆசிரியர் பயிற்சி பெற்ற நாளில் ரஷ்ய அறிஞர் பாவ்லாவின் ஆய்வை நாம் உளவியற் பாடமாகப் படித்தோம். நாயின் செரிமானத்தை ஆராய்ந்து 1904இல் நோபல் பரிசு பெற்றவர் அவர். உணவு வருமுன் கேட்கும் ஓசைக்கே நாயின் வாயில் உமிழ்நீர் ஊறுவதைக் கண்டு, இரு நிகழ்ச்சிகள் அடுத்தடுத்து வந்தால் விலங்கின் மனத்தில் அவை இணைகின்றன என்று அவர் விளக்கினார். அடுத்தடுத்து என்பதே இங்குக் கருத்தூன்ற வேண்டிய சொல்.

அதனை மறந்து நாமே ஒருமுறை தவறினோம். ஜார்ஜ் டவுனில் நம் வீட்டுக்கு வந்த குட்டி முதல் வாரத்தில் நாற்காலிக் காலடியை ஈரமாக்கியது. மாலையில் வேலையிலிருந்து திரும்பி, காய்ந்துபோன கறையைக் காட்டி, சுருட்டிய செய்தித்தாளால் அதனை அடித்தோம். மறுநாள் நாற்காலி சுத்தமாக இருந்தது. பாடம் பலித்துவிட்டது என்று பெருமைப்பட்டோம். மூன்று நாள் கழித்து அரிசிச் சாக்கின் பின்னாலிருந்து நாற்றம் வந்தது. வீட்டுக்குள் கழிக்கக் கூடாது என்று குட்டி கற்கவில்லை. மனிதர் கண்ணில் படும்படி கழிக்கக் கூடாது என்றே கற்றிருந்தது. அதன்பின் வெளியே கூட்டிச் சென்றாலும் நம் எதிரில் அது கழிக்க அஞ்சியது. அந்த அச்சத்தைப் போக்கவே நமக்கு ஒரு மாதம் ஆயிற்று. மூக்கை அதன் சிறுநீரில் தேய்ப்பதும் இவ்வாறே பயனற்றது. குட்டி கழித்துக்கொண்டிருக்கும்போதே பார்த்துவிட்டால், கையைத் தட்டி நிறுத்தி, உடனே வெளியே தூக்கிச் செல்லுங்கள். பார்க்கத் தவறினால் பேசாமல் துடைத்துவிடுங்கள்.

துடைப்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. வாளிப் பால் உறையாதிருக்க அமோனியா விடும் வழக்கத்தை நம் தோட்டத்தார் அறிவர். அந்த நெடி மூக்கில் ஏறியவர்களுக்குச் சிறுநீரின் நெடியும் அதன் உறவே என்பது விளங்கும். ஆதலால் அமோனியா கலந்த துப்புரவு நீரால் கறையைக் கழுவினால், ‘இதுவே உன் இடம்’ என்று குட்டிக்கு நாமே எழுதிக் காட்டியதாகும். சவர்க்காரத்தால் கழுவி, பின்னர் தண்ணீர் கலந்த காடியால் துடைத்துக் காயவிடுங்கள்.

எப்போது வெளியே தூக்கிச் செல்வது? தூங்கி எழுந்தவுடன், உண்டு முடித்த ஐந்து நிமிடம் முதல் அரை மணிக்குள், விளையாடி ஓய்ந்தவுடன், இரவு படுக்குமுன் என்று நான்கு வேளைகளையும் தவறவிடாதீர்கள். தரையை முகர்ந்துகொண்டு வட்டமிட்டால் அதுவும் ஓர் அழைப்பே. உணவு வேளை ஒழுங்காக இருந்தால் கழிக்கும் வேளையும் ஒழுங்குபடும். மூன்று மாதம் வரை நாளொன்றுக்கு நான்கு வேளை சிறுகச் சிறுகக் கொடுங்கள். டின் பால் வேண்டா. அது வயிற்றைக் கெடுத்து, செய்த முயற்சியையும் கெடுக்கும். நம் நாட்டு வெப்பத்தில் பகலில் தண்ணீரைக் குறைக்கலாகாது.

குட்டியின் வயதை மாதத்தில் கணக்கிட்டு, அதனோடு ஒன்றைக் கூட்டுங்கள். பகலில் அது அடக்கிக்கொள்ளக்கூடிய மணிநேரம் ஏறக்குறைய அவ்வளவே. இரண்டு மாதக் குட்டிக்கு மூன்று மணி நேரம். இங்குதான் நம் வாசகர்களின் இடர்ப்பாடு தொடங்குகின்றது. விடியுமுன் பெரட்டுக்குப் புறப்பட்டு, பால் வெட்டி, பால் எடுத்து, நிறுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பும் கணவனும் மனைவியும் நண்பகலில்தான் வீட்டைக் காண்கின்றனர். ஆறேழு மணி நேரம் பூட்டிக் கிடக்கும் குட்டி தரையை அழுக்காக்கினால் குற்றம் கணக்கைச் சேர்ந்தது, குட்டியைச் சேர்ந்ததன்று. வீட்டில் பாட்டியோ பிற்பகல் பள்ளிக்குச் செல்லும் பிள்ளையோ இருந்தால் இடையில் இருமுறை தூக்கிச் செல்லும் பொறுப்பை அவர்களிடம் ஒப்படையுங்கள். எவரும் இல்லையெனில் பின்கட்டில் பலகையால் ஒரு சிறு தடுப்பு அமைத்து, ஒரு மூலையில் படுக்கையும் மறு மூலையில் பழைய செய்தித்தாளும் இடுங்கள். நனைந்த தாளில் ஒரு துண்டை மறுநாள் புதுத்தாளின் அடியில் வையுங்கள், மணமே வழிகாட்டும். இவ்வழியில் பாடம் முடியக் கூடுதல் வாரங்கள் ஆகும். அதற்கும் மனமில்லையெனில் இவ்வாண்டு குட்டி வேண்டா என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடுவதே நேர்மை.

இரவில் நாம் படுக்கும் இடத்துக்கு அருகிலேயே, திரும்பிப் படுக்குமளவு இடமுள்ள பெட்டியில் அதனைப் படுக்கவிடுங்கள். முதற்சில வாரங்கள் நள்ளிரவுக்குப் பின் ஒருமுறை அது முனகும். அப்போது எழுந்துதான் ஆக வேண்டும். உழைத்துக் களைத்தவர்க்கு இது எளிதன்று என்பதை நாம் அறிவோம். கணவனும் மனைவியும் நாள்மாற்றி எழுந்தால் சுமை பாதியாகும்.

வெளியே கழித்த மலத்தை அப்படியே விடலாகாது. கொக்கிப்புழுவின் குஞ்சுகள் ஈரமண்ணில் வாழ்ந்து, செருப்பின்றி நடக்கும் பிள்ளைகளின் காற்தோல் வழியே நுழையக் கூடியவை. மலத்தை அள்ளி ஆழப் புதையுங்கள். குட்டிக்குக் காலம் தவறாது குடற்புழு மருந்து கொடுங்கள். அண்டை வீட்டில் மலாய்க் குடும்பத்தார் வாழ்ந்தால் அவர்தம் வாசலையும் முற்றத்தையும் நம் நாய் தீண்டாதவாறு காப்பது நம் கடமை.

ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கும் தடுப்பூசிகளோடு, மூன்றாம் மாதத்தில் வெறிநாய்க்கடித் தடுப்பூசியையும் கேட்டுப் போடுங்கள். 2017இல் சரவாக்கிலும் இந்நோய் பரவி உயிர்களைக் கொண்டு சென்றது. எந்த நாய் கடித்தாலும் காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்லுங்கள். நாய்க்குரிய உரிமத்தைத் தீவிலுள்ளோர் பினாங்கு மாநகர் மன்றத்திலும், பெருநிலத்திலுள்ளோர் செபராங் பிறை மாநகர் மன்றத்திலும் பெற வேண்டும்.

நான்கு, ஐந்து மாதங்களில் பெரும்பாலான குட்டிகள் தேறிவிடுகின்றன, சில பிந்துகின்றன. நன்கு பழகிய குட்டி திடீரென்று மீண்டும் வீட்டில் கழித்தால் கோபம் கொள்ளாதீர்கள். சொட்டுச் சொட்டாக அடிக்கடி கழிக்கின்றதா, சிறுநீரில் இரத்தம் தெரிகின்றதா என்று பாருங்கள். தெரிந்தால் அது நோய். கால்நடை மருத்துவரிடம் அன்றே கொண்டு செல்லுங்கள். உங்களைக் கண்டதும் குனிந்து வாலைச் சுருட்டிக்கொண்டு ஓரிரு சொட்டு விட்டால் அது பணிவின் அடையாளம். அப்போது குரலைத் தாழ்த்தி, பக்கவாட்டில் அமர்ந்து, அதுவே உங்களிடம் வரும் வரை காத்திருங்கள்.