ஓடுபாதையில் திரும்பும் மூக்கு

1937 மார்ச் 20 காலை, ஹவாயின் லூக் ஃபீல்டு தளத்தில் விமானி அமேலியா இயர்ஹார்ட்டின் லாக்ஹீட் எலெக்ட்ரா விமானம் ஓடத் தொடங்கியது. உலகைச் சுற்றும் பயணத்தின் இரண்டாம் கட்டம் அது. தொட்டிகளில் ஏறத்தாழ 900 காலன் பெட்ரோல் இருந்தது. அதுவே இரண்டு டன்னுக்கு மேல் எடை. ஓட்டத்தில் மூக்கு வலப்பக்கம் விலகியது. அவர் இடது எஞ்சினின் விசையைக் குறைத்தார். உடனே விமானம் இடப்பக்கமாக வீசித் திரும்ப, சக்கரக் கால்கள் முறிந்து வயிறு தரையில் உரசியது. உள்ளே இருந்த மூவரும் காயமின்றித் தப்பினார்கள். பழுதுபார்த்த அதே விமானத்தில் அவர் கிழக்கு நோக்கிப் புறப்பட்டு, ஜூனில் கராச்சி, கொல்கத்தா வழியாகச் சென்று, ஜூலை 2 அன்று பசிபிக்கில் காணாமல் போனார். அந்த மர்மத்தைப் பற்றித்தான் எல்லாரும் பேசுகிறார்கள். விமானம் ஓட்டக் கற்பவருக்கு அதைவிடப் பயன்படுவது லூக் ஃபீல்டில் நடந்தது.

இரண்டு எஞ்சின் இருந்தால் விமானம் நேராகத்தான் ஓடும் என்ற நம்பிக்கை அங்கேயே உடைந்துவிட்டது. இரண்டும் ஒரே அளவு இழுத்தால்தான் அது நேராக ஓடும். 2016 டிசம்பர் 27 அதிகாலை கோவாவில் ஜெட் ஏர்வேஸின் போயிங் 737 ஒன்று, இரு எஞ்சின்களின் விசையும் சமமாகும் முன்பே முழு விசைக்குத் தூண்டப்பட்டதால், ஓடுபாதையை விட்டு விலகிச் சுழன்று நின்றது. பெரிய விமானத்துக்கே அந்த நிலை.

விமானி கையில் பிடித்திருக்கும் ஸ்டியரிங், கார் ஸ்டியரிங்கைப் போல விமானத்தைத் திருப்பும் என்பது இன்னொரு நம்பிக்கை. பயிற்சிக்கு வரும் மாணவர்களில் பலரும் முதல் நாள் இதை நம்பித்தான் ஏறுகிறார்கள். அந்தக் கைப்பிடி அசைப்பது இறக்கைகளின் ஓரத்திலும் வாலிலும் உள்ள மடிப்புகளை. தரையில் திசையைக் காப்பது கால்கள்: பெடலை அழுத்தினால் வாலில் உள்ள ரடர் திரும்பும், செஸ்னா 172 போன்றவற்றில் மூக்குச் சக்கரமும் கூடவே திரும்பும். விலகலைக் கண்டதும் ஸ்டியரிங்கைத் திருப்பினால் விலகல் அப்படியே தொடரும்.

விலகினால் காற்றுதான் காரணம் என்பார்கள். ஆடிக் காற்று குறுக்கே அடிக்கும்போது அது உண்மையும்கூட. அந்தச் செஸ்னாவின் கையேட்டில் சோதித்துக் காட்டப்பட்ட குறுக்குக் காற்று 15 நாட், மணிக்கு 28 கிலோமீட்டர்தான். ஆனால் இலை அசையாத காலையிலும் ஒற்றை எஞ்சின் விமானம் ஒரு பக்கம் இழுக்கும். புரொப்பெல்லர் தள்ளும் காற்று உடலைச் சுற்றி முறுக்கிக்கொண்டு போய் வாலின் ஒரு பக்கத்தில் மோதுகிறது. எஞ்சினின் எதிர்முறுக்கு ஒரு சக்கரத்தைத் தரையோடு அதிகமாக அழுத்துகிறது. மூக்கு நிமிர்ந்திருக்கையில், புரொப்பெல்லரின் கீழிறங்கும் இலை மேலேறும் இலையைவிடக் கூடுதலாக இழுக்கிறது.

நான்காவது காரணம் இவற்றிலெல்லாம் அழகானது. சுழலும் பொருளின் அச்சைச் சாய்க்க முயன்றால், அது தள்ளிய திசையில் சாயாமல் அதற்குச் செங்குத்தாகத் திரும்பும். சூரியனும் நிலவும் இழுக்க, பூமியின் அச்சும் இப்படித்தான் ஏறத்தாழ 26,000 ஆண்டுகளுக்கு ஒரு சுற்று வருகிறது. ஜவ்வாது மலையில் காவலூரின் வைணு பாப்பு வானாய்வகத்தில் 2.34 மீட்டர் தொலைநோக்கியை ஒரு விண்மீனை நோக்கி நிறுத்த வேண்டுமானால், பட்டியலில் உள்ள இடத்தை இந்த நகர்வுக்கு ஏற்பத் திருத்தியாக வேண்டும். ஆண்டுக்குச் சுமார் 50 ஆர்க்செகண்டு, ஒரு பாகையில் 72-இல் ஒரு பங்கு. வானில் அவ்வளவு மெதுவாக நடப்பது, வால் சக்கர விமானத்தில் ஓரிரு நொடியில் நடந்துவிடும். ஓட்டத்தின் நடுவே வால் தரையை விட்டு எழும் கணத்தில், சுழலும் புரொப்பெல்லரின் அச்சு சாய்வதால் மூக்கு பக்கவாட்டில் திரும்பும். கால் தயாராக இல்லாவிட்டால் அதுவே விபத்தின் தொடக்கம்.

"எப்போதும் இடப்பக்கம்தான் இழுக்கும்" என்று பாடமாகவே சொல்லித் தருவோர் உண்டு. நம் நாட்டு ஃபிளையிங் கிளப்புகளின் வரலாறே அதற்கு மறுப்பு. அவற்றில் பறந்த டைகர் மாத் விமானத்தின் புரொப்பெல்லர் விமானியின் பார்வையில் இடஞ்சுழி. அது வலப்பக்கம் இழுத்தது. பெங்களூரு எச்.ஏ.எல். உருவாக்கி, 1958-இல் முதலில் பறந்த புஷ்பக் விமானத்தில் அது வலஞ்சுழி, இழுத்தது இடப்பக்கம். ஒன்றில் பழகிய கால், மற்றதில் ஏறியதும் தவறான பெடலைத் தேடியிருக்கும்.

இன்றைய மூக்குச் சக்கர விமானங்களில் எடை மையம் முதன்மைச் சக்கரங்களுக்கு முன்னே இருப்பதால், சிறு விலகல் தானே நேராக முயலும். வால் சக்கர விமானத்தில் எடை மையம் பின்னே. விலகல் தானே வளரும். ஆனால் மூக்குச் சக்கரம் முழுப் பாதுகாப்பு என்று எண்ணுவதும் தவறு. வேகம் கூடிய பிறகும் மூக்கைத் தரையோடு அழுத்திவைத்தால், எடையெல்லாம் முன்சக்கரத்தில் ஏறி விமானம் அதையே அச்சாகக் கொண்டு திரும்பும்.

உயிரைப் பறிக்கக்கூடிய நம்பிக்கை கடைசியாக வருவது: பாதையை விட்டு விலகினால் எப்படியாவது மேலே தூக்கிவிட வேண்டும் என்பது. தரையை ஒட்டிய காற்றின் துணையால் போதிய வேகம் இல்லாத விமானமும் சில அடி எழும்பிவிடும். அதற்கு மேலே அந்தத் துணை கிடையாது. இறக்கை தாங்கும் சக்தியை இழந்து, விமானம் ஒரு பக்கமாகச் சரிந்து விழும். விலகலைக் காலால் உடனே திருத்த முடியாதபோது செய்ய வேண்டியது, எஞ்சின் விசையைக் கட்டுப்படுத்தும் த்ராட்டிலை முழுக்க மூடுவது. இழுக்கும் விசையோடு, புரொப்பெல்லர் உண்டாக்கும் பக்க இழுப்பும் அப்போதே அடங்கிவிடும். புல்வெளியில் இறங்கி நிற்கும் விமானத்துக்குச் சக்கரம் போகலாம், இறக்கை முனை நசுங்கலாம். லூக் ஃபீல்டில் எலெக்ட்ரா அப்படித் தரையிலேயே நின்றது. மூவரும் நடந்து வெளியே வந்தார்கள்.