காட்டுக் காளான்: கேட்டது போதாது, தோண்டிப் பாருங்கள்

மழைக்காலத்தில் ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை வட்டாரங்களில் கரையான் புற்றுகளில் காளான் முளைக்கிறது. தெலுங்கு பேசுவோர் புட்டகொடுகு என்பர். இதனை இனங்காண, காளான் பற்றிய உரைகளின் ஒலிப்பதிவைக் கைபேசியில் கேட்போர் உண்டு. எதைக் கவனிக்க வேண்டும் என்பதை உரை சொல்லித் தரும். சோதித்துப் பார்ப்பது நம் பொறுப்பு.

1. காளானை ஒடிக்காமல் அடியோடு தோண்டி எடுக்கவும். புற்றுக்காளானின் தண்டு வேர்போல் நீண்டு புற்றினுள் இறங்கும். தண்டின் அடியில் கிண்ணம் போன்ற உறை இருந்தால் உண்ணக் கூடாது; கொடிய நச்சுக் காளானாக இருக்கலாம்.

2. குடையை மட்டும் வெட்டி, வெள்ளைத் தாளில் இரவு முழுவதும் கவிழ்த்து வைக்கவும். பச்சை நிறத் தூள் படிந்தால் விலக்கவும். வேறு நிறம் படிந்தால் நஞ்சில்லை என்று பொருளல்ல.

3. வெள்ளிக் கரண்டி கறுப்பது, பூச்சி கடித்திருப்பது ஆகிய அடையாளங்களை நம்ப வேண்டாம்.

கொடிய நஞ்சு வேகவைத்தாலும் அழியாது. வாந்தியும் பேதியும் 6 முதல் 24 மணி நேரம் கழித்தே தொடங்கலாம். பின்னர் நின்றதுபோல் தோன்றினாலும், உள்ளே ஈரல் கெடும். எனவே காத்திராமல், மீதமுள்ள காளானுடன் மருத்துவமனைக்குச் செல்லவும்.

சிறிதளவு ஐயம் இருந்தாலும் எறிந்துவிடுங்கள். காளான் கறி வேண்டுவோர் வைக்கோலில் சிப்பிக் காளான் வளர்க்கலாம். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் இதற்குப் பயிற்சி பெறலாம்.